சின்ன வீட்டுப் பேட்டரி

நேற்று ஆனையூரில் என் வீட்டுக்குப் புது இன்வெர்ட்டர் மாட்ட ஒருவர் வந்திருந்தார். பழையதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, புதியதின் வயர் முனையில் ஈயம் பற்றவைத்து, அதன்மேல் கறுப்பு ட்யூப் ஒன்றை நுழைத்து லைட்டரைக் காட்டினார். ட்யூப் சுருங்கி வயரை இறுக்கிப் பிடித்தது. அந்த வாசனை கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை வந்தது. லேசாகக் கருகிய ரப்பரும், அதற்கு அடியில் ஈயம் உருகும் மணமும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே கூடத்துக்கு வந்து நின்றேன்.

"இனிமே கரண்டு போனதே உங்களுக்குத் தெரியாது மேடம்," என்றார் அவர் பெருமையாக. "லைட்டு ஒரு சிமிட்டுக்கூட சிமிட்டாது."

"தெரிஞ்சாகணுமே," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். செய்த வேலை எனக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்திருப்பார். அந்தப் பதிலுக்குச் சிரிக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். "அண்ணே, இவ ஒரு சந்தேகப் பிராணி, கண்டுக்காதீங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குக் காபி போட என்னை உள்ளே விரட்டியிருப்பாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல, மேலே இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நான் நம்பவில்லை. மேலே நிற்பதற்கு என்னென்ன தேவை என்று உனக்கும் எனக்கும் நன்றாகவே தெரியும். இருந்தாலும் உன்னைப் பற்றி மூன்றாம் ஆளைப்போல எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

பசுமலையில் நாம் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தபோதே நீ என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தாய். கல்லூரி மைதானத்தில் கம்பி கட்டிய குட்டி விமானம் உன்னைச் சுற்றிச் சுற்றி வரும். அதன் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். நாள் முழுக்க உன் தாவணியில் வைத்தியர் வீட்டு வாசனை அடிக்கும். நான் குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "இதனால என்னடி பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"பிரயோசனமில்லாத ஒன்னாச்சும் எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே," என்றாய்.

அப்போது அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நான் மேல்படிப்புக்குப் பல்கலைக்கழகம் போனேன். மின்னணுவியல் படித்து, கல்லூரியில் அதையே நடத்தவும் வந்தேன். உன்னை உங்கள் ஆட்களிலேயே, காமராசர் சாலைப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். உன் மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்திகள், அவர்கள் பிள்ளைகள் என்று எந்த அறையைத் திறந்தாலும் யாராவது இருக்கும் வீடு. உள்ளே சௌராஷ்டிரம், வாசல்படி தாண்டினால் மதுரைத் தமிழ். நடுப்படியில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் இரண்டிலும் சண்டை போட உன்னால் முடியும்.

விமானத்தை மட்டும் நீ விடவில்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எண்ணெய் எஞ்சின் போய், லேசான ஃபோம் அட்டையும் பேட்டரி மோட்டாரும் வந்தன. சிங்கப்பூரிலிருந்து வந்த உன் சித்தப்பா மகன், குழாய்க்குள் சுழலும் விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை வயிற்றுக்குள் வைத்தால் விமானம் நிஜ ஜெட்டைப்போலச் சீறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்தக்கடையைத் தாண்டி, திருவாதவூர்ப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் பறக்கவிடப் போவாய். உன்னைப்போலவே இந்தப் பைத்தியம் பிடித்த பல் டாக்டர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்வார்.

இதில் என் வேலை என்னவென்று நினைவிருக்கிறதா? துணை. "டீச்சரம்மா கூட வாராங்களா? அப்பச் சரி," என்று உன் மாமியார் சொன்னால்தான் உன் ஸ்கூட்டி கிளம்பும். பழைய சேலையில் சுற்றிய விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். குழந்தை என்று நினைத்து, ஒத்தக்கடை டீக்கடைக்காரர், "வெயில் படாமப் பிடிங்கம்மா," என்று ஒருநாள் சொன்னார். நீ ஊர் போய்ச் சேரும்வரை சிரித்தாய்.

ஒரு மாசி மாதம்தான் முதல் விமானம் விழுந்தது. கண்மாய்க்கு மேல் அழகாகத் திரும்பி வந்த வெள்ளை விமானம், அடுத்த திருப்பத்தில் உன் பேச்சைக் கேட்கவில்லை. ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் கடைசிவரை தள்ளிவிட்டாய். அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. "கேக்க மாட்டேங்குதுடி," என்றாய். அடுத்து உன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னாய். அர்த்தம் கேட்டதற்குக் கடைசிவரை நீ பதில் சொல்லவில்லை. கரையைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, மலைச்சாமி அண்ணன் களத்தில் இருந்த வைக்கோல் படப்பில் போய் மூக்கைக் குத்தி நின்றது. படப்பில் வைக்கோல் உருவிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கும் அதற்கும் ஒரு கை தூரம்.

நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பல் டாக்டர் விமானத்தின் மூக்கிலிருந்து பேட்டரியை உருவி வெறுந்தரையில் எறிந்திருந்தார். அது வீங்கிப் புகைந்தது. அந்தப் புகை படப்புக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலைச்சாமி அண்ணன் ஊர் சார்பில் கண்மாயையும் மடையையும் பார்த்துக்கொள்பவர். புகை அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளப்பிள்ள, ஆசைப்பட்டு விளையாடுதுன்னு இம்புட்டு நாளும் விட்டேன் தங்கச்சி. இன்னொரு தடவ ஒன்னு விழுந்துச்சு, கண்மாய்க்குள்ள கால் வைக்கப்படாது. சொல்லிப்புட்டேன்."

திரும்பும் வழியில், ஒத்தக்கடை டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினாய்.

"இதுவும் போச்சுன்னா வேற எங்கடி போறது? காலேஜு கிரவுண்டுல விடமாட்டாங்க. வைகைக்குள்ள போனா ஒரே வயரும் ஆளுமா இருக்கு." ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஞாயித்துக்கெழம காலைல அந்த ரெண்டு மணி நேரம்தான்டி நான் நானா இருக்கேன். மத்த நேரமெல்லாம் நான் யாருக்காச்சும் யாராச்சும்."

நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "அது ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம அடுத்தது பறக்கக்கூடாது," என்றேன். என் ஆறுதல் அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும். வண்டியைக் கிளப்பினாய்.

காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. விமானத்தில் ஒரே பேட்டரிதான் இருந்தது. மோட்டாரைச் சுழற்றுவதும் அதுதான். ரிமோட்டின் சொல்லைக் கேட்கும் ரிசீவருக்கும், இறக்கை ஓரங்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களுக்கும் சாப்பாடு போடுவதும் அதுதான். இவற்றுக்கான பங்கைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி சூடேறி நின்றுபோனதும், விமானத்துக்குக் காதும் இல்லை, கையும் இல்லை. பறந்துகொண்டிருந்தது, ஆனால் யாரிடமிருந்தும் எதையும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புது விமானத்தை என் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாய். முக்கோண இறக்கை. உங்கள் பட்டறைச் சாயத்தையே கலந்து மேல்பக்கம் அரக்கு நிறம் பூசி, அடிப்பக்கம் சுங்குடிச் சேலையைப்போலப் புள்ளி வைத்திருந்தாய். அழகுக்கு என்று நான் நினைத்தேன். வானத்தில் தலைகீழாகப் போனால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகவாம்.

"இன்னொரு பேட்டரி வேணும்," என்றேன். "சின்னது. மோட்டாருக்குக் கெடையாது. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மட்டும். பெருசு போனா இது பாத்துக்கும்."

"கனம் கூடும்டி. இப்பவே முகூர்த்தத்துக்குக் கெளம்புன பொண்ணு மாதிரி கனக்குது."

"கனக்கட்டும். களத்துல ஆள் இருக்காங்க."

அதற்கு நீ மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேட்டரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். உன் உதட்டோரம் லேசாக இழுபட்டது.

"அப்ப இது பெரிய வீடு," பெரியதைத் தட்டினாய். "இது சின்ன வீடு."

கூடத்தில் செய்தித்தாள் சரியும் சத்தம் கேட்டது. என் கணவர் இருமினார்.

"மெதுவாப் பேசு," என்றேன்.

"எதுக்கு? அண்ணனுக்குத்தான் அப்படி ஒன்னும் இல்லையே. இருந்திருந்தா நீ மீட்டர் வச்சே கண்டுபிடிச்சிருப்ப."

நான் சிரிக்கவில்லை என்று நீ பல்லாண்டு புகார் சொன்னாய். ஈயம் உருகிக்கொண்டிருந்தது, கை ஆடக்கூடாது. அதுதான் காரணம்.

இரண்டு பேட்டரிகளையும் வெறுமனே சேர்த்துக் கட்டினால் ஒன்று இன்னொன்றுக்குள் பாயும். கெட்டுப்போனதைத் தூக்கி நிறுத்தப் போய் நல்லதும் சாகும். அதனால் ஒவ்வொன்றின் வழியிலும் ஒரு டயோடு வைக்க வேண்டும். மின்சாரத்தை வெளியே மட்டும் விட்டு, உள்ளே வர விடாத ஒற்றைக் கதவு அது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிவந்த இரண்டு டயோடுகளையும் வைத்துப் பற்றவைத்துக்கொண்டே இதை விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு நீ சொன்னாய்:

"அதாவது, ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கூடாது. ஆனா ரெண்டு வீட்டுலயும் சோறு உண்டு."

எத்தனையோ வருடம் டயோடு பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சரியாக நான் சொன்னதில்லை. வகுப்பில் இதைச் சொல்லவும் முடியாது.

பெரிய வீட்டைக் கழற்றினோம். இறக்கை ஓரங்கள் அசைந்தன. அதை மாட்டிவிட்டுச் சின்ன வீட்டைக் கழற்றினோம், அப்போதும் அசைந்தன. நீ கை தட்டினாய். விமானத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய்.

வீட்டுக்குப் போய் நீ என்ன செய்தாய் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. நான்கு செல் சேர்த்துக் கட்டியிருந்த சின்ன பேட்டரியில், நீயாக ஐந்தாவது செல் ஒன்றைப் பற்றவைத்திருந்தாய். வலு கூடினால் சர்வோக்கள் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று எங்கேயோ படித்தாயாம். நான் முறைத்தபோது நீ சொன்ன நியாயம் வேறு: "சின்ன வீட்டுக்குக் கொஞ்சம் கூடச் செஞ்சாத்தானடி அது நம்மகிட்ட நிக்கும்?"

பங்குனியில், இளம் வெயில் ஏறுவதற்கு முன்னால், கண்மாய்க்குப் போனோம். மலைச்சாமி அண்ணன் தலைத்துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க அல்ல, தீர்ப்புச் சொல்ல. அரக்கும் புள்ளியுமாக ஜெட் சீறி எழும்பியது. தாழப் பறந்து அவர் தலைக்கு மேல் திரும்பியபோது அவர் தன்னை மறந்து, "ஏய், சேல பறக்குது!" என்று கத்தினார். இறக்கி, பெரிய பேட்டரியை மாற்றி, இரண்டாவது முறையும் விட்டாய். அதுவும் பிசகில்லை.

"இன்னொரு ரவுண்டு விடு தங்கச்சி. என் வீட்டுக்காரி வந்து பாக்கட்டும். அன்னிக்குப் பயந்தவ," என்று சொல்லிவிட்டு அவர் களத்துக்குப் போனார்.

அந்த இடைவெளியில்தான் நீ பெரிய பேட்டரியை மாற்றக் கையை உள்ளே விட்டாய். கையை எடுக்கவில்லை.

"ஏய், இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

சின்ன பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில்ல கெடந்துச்சுல்ல மேடம்," என்றார் பல் டாக்டர்.

நீ அதைக் காதில் வாங்கவில்லை. "பெரிய வீடு ஒரு தடவகூட நிக்கல. இவ சும்மாதான ஒக்காந்திருக்கா? சும்மா ஒக்காந்திருக்கிறவளுக்கு ஏன்டி காய்ச்சல்?"

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய காலி. பிறகு செல்களை எண்ணினேன். ஐந்து இருந்தது. நீ வானத்தைப் பார்த்தாய்.

அப்போதுதான் விளங்கியது. இப்படிச் சேர்த்த இரண்டு பேட்டரிகளில் அழுத்தம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் முதலில் கொடுக்கும். மற்றது தன் கதவுக்குப் பின்னால் காத்திருக்கும். நான்கு செல் வரை சரியாக இருந்த கணக்கு, ஐந்தாவதோடு தலைகீழாகிவிட்டது. ஆபத்துக்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருந்தவள்தான் காலையிலிருந்து மொத்தக் குடும்பத்துக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வீடு கால் நீட்டிப் படுத்திருந்தது. பறப்பதில் ஒரு குறையும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. உறுதி செய்துகொள்ளப் பெரிய பேட்டரியின் இணைப்பை உருவினேன். புள்ளி வைத்த இறக்கை ஓரம் ஒருமுறை துடித்துவிட்டு அப்படியே நின்றது.

கரை மேல் மலைச்சாமி அண்ணன் வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி. அவருக்கும் பின்னால் பக்கத்துக் களத்துப் பெண்கள் இரண்டு பேர்.

"பெரிய பேட்டரி இப்ப மாட்டப்போறது ஃபுல் சார்ஜ் மேடம்," என்று பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு ரவுண்டு. நாம சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? இப்பப் போயி பழுதுன்னு சொன்னா, அம்புட்டுத்தான், எடம் போச்சு."

அவர் சொன்னது தப்பில்லை. அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. முடிவை உன்னிடம் விட்டேன். அது உன் விமானம், உன் ஞாயிற்றுக்கிழமை. நீ ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படப்புப் பக்கம் பார்த்தாய். பிறகு அதை அணைத்தாய்.

"அண்ணே, இன்னிக்கு இம்புட்டுத்தான்."

"ஏன்? நல்லாத்தான போச்சு?"

"ஒரு தப்பு இருக்குண்ணே. விழாமத் தாங்குறதுக்குன்னு ஒன்னு வச்சிருந்தோம். அது எங்களுக்குத் தெரியாமயே காலியாகிப் போச்சு."

"அப்ப இம்புட்டு நேரம் எத நம்பிப் பறக்கவிட்ட?"

"இருக்குன்னு நெனச்சுத்தான்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவிதான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லவேள, நான் வந்து நிக்கிறதுக்குள்ள சொன்ன தாயி," என்றார். பக்கத்துக் களத்துப் பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய், வரவில்லை.

"சரி பண்ணிட்டு வா," என்றார் மலைச்சாமி அண்ணன். "படப்பு இங்கனதான் இருக்கும்."

அது அனுமதியா மிரட்டலா என்று ஊர் வந்து சேரும்வரை இருவரும் வாதாடினோம். எதுவாக இருந்தாலும் இனி ஒரே ஒரு முறைதான் என்பதில் மட்டும் நமக்குள் கருத்து வேறுபாடில்லை.

ஐந்தாவது செல்லை வெட்டி எடுத்தேன். அது போதாது என்று சின்ன பேட்டரியின் வழியில் இன்னொரு டயோடும் சேர்த்தேன். அதன் அழுத்தம் ஒரு படி இறங்கி, தன் முறை வரும்வரை காத்திருக்கும். பெரிய வீட்டுக்குச் சிவப்பு விளக்கு, சின்ன வீட்டுக்குப் பச்சை விளக்கு என்று விமானத்தின் வயிற்றுக்கு வெளியே தெரியும்படி வைத்தேன். "சின்ன வீட்டுக்கு வாசல்ல லைட்டு போடுற ஒரே ஆளு நீதான்டி," என்றாய். இவற்றோடு ஒரு வழக்கமும் வைத்தேன். ஒவ்வொரு முறை எழும்புவதற்கு முன்னாலும் ஓடிக்கொண்டிருப்பதை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"பறக்குறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கொல்லணுமா?"

"ஆமா."

"உன்னக் கட்டுன அண்ணன் பாவம்டி."

சித்திரையில் போனோம். கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அண்ணன் கரையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் பெரிய பேட்டரியை உருவினேன், நீ எல்லாவற்றையும் அசைத்துக் காட்டினாய், மறுபடி மாட்டினேன். ஜெட் எழும்பியது.

பனைகளுக்கு மேலே, நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சீறல் நின்றது. கத்தியால் அறுத்ததுபோல. கரையில் மலைச்சாமி அண்ணன் எழுந்து நின்றது என் ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் விமானத்தைப் பார்க்கவில்லை. உன் கட்டைவிரலைப் பார்த்தேன். அது மெல்ல, மிக மெல்ல, இடதுபக்கம் சாய்ந்தது. தலையைத் தூக்கினேன். மேலே அரக்கு நிறம் மறைந்து, சாய்ந்த இறக்கையின் அடிப்புள்ளிகள் தெரிந்தன. திரும்புகிறது. சோம்பலாக, கிழட்டு மாட்டைப்போல, ஆனால் நீ சொன்ன பக்கம் திரும்புகிறது. மோட்டார் இல்லாத ஜெட் கல்லைப்போல இறங்கும் என்பார்கள். நீ அதைக் கரைக்கு உள்ளே கொண்டுவந்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, வெடித்த தரையில் வயிறு உரச விட்டாய். செம்புழுதி எழுந்து அடங்கியது.

"விழுந்துருச்சா?" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

நீ செருப்பை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாய். ஓடியபடியே கத்தினாய்:

"விழலண்ணே! எறங்குச்சு!"

சிவப்பு அணைந்திருந்தது. பச்சை எரிந்தது. நீ அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாகிவிட்டது. எனக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. விமானத்தின் மீதிருந்த புழுதியைத் துடைத்தேன். மலைச்சாமி அண்ணன் வந்து, குனிந்து, பச்சை விளக்கை வெகுநேரம் பார்த்துவிட்டு, மனைவியிடம் திரும்பி, "விழலயாம், எறங்குச்சாம்," என்றார். அடுத்த ஞாயிறு நாம் போனபோது கண்மாய்க்குள் ஒரு பக்கமாகக் கருவேலமுள் வெட்டி, தரை சமமாக ஒதுக்கப்பட்டிருந்தது. யார் செய்தது என்று கேட்டதற்கு, "ஆடு மேய வசதியா இருக்கட்டும்னு," என்றார்.

அதன் பிறகு சில கோடைகள் நன்றாகப் பறந்தாய். பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது, உன் மாமியார் படுத்தார், பட்டறைப் பொறுப்பு உன் தலையில் விழுந்தது. விமானம் பரணுக்குப் போனது. நமக்கிடையே போன் மட்டும் மிஞ்சியது. நீ நலம் விசாரிக்க மாட்டாய். எடுத்ததும், "பெரிய வீடா, சின்ன வீடா?" என்பாய். எதில் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். என் அம்மா இறந்த மாதத்தில், வீட்டில் எல்லாரிடமும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நான், உன்னிடம் மட்டும், "சின்ன வீடு," என்றேன். ஒரு மணி நேரத்தில் என் வாசலில் உன் ஸ்கூட்டி நின்றது. நீ நேராக அடுப்படியில் போய்ச் சோறு வைத்தாய்.

போன வருடம் நான்தான் கேட்டேன். எப்போதும், "பெரிய வீடுதான்டி," என்று பட்டென்று வரும் பதில் அன்று வரவில்லை.

"சின்ன வீடு," என்றாய். "இங்க யாருக்கும் தெரியாது. நான் நல்லாத்தான் பறக்குறேன்ல, அதனால. எம்புட்டு நேரம் தாங்கும்னு டாக்டரும் சொல்லல."

வந்தேன். அடுத்த நாளும், அதற்கடுத்த வாரங்களும். வீட்டில் சொல்லும்வரை நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை நம்முடையவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ போன அன்று எல்லாரும் பேசி முடித்து, சௌராஷ்டிரத்தில் அழுது முடித்து, ஒரு வார்த்தையும் புரியாமல் நான் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, என்னிடம் இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. நானும் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்!

உன் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்கிறாள். உன் குரல்தான், உன் சிரிப்புத்தான். "நல்லா இருக்கேன் ஆன்ட்டி," என்பாள். நானும், "சரிம்மா," என்று வைத்துவிடுவேன். இன்று காலையும் அதையே சொன்னாள், ஒரு சிமிட்டலும் இல்லாமல். எனக்கு நம்பத் தோன்றவில்லை.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்றேன்.

"சாப்பிட்டேன் ஆன்ட்டி."

"என்ன சாப்பிட்ட?"

அவள் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, உன்னுடையதல்லாத ஒரு குரலில், அவளுடைய சொந்தக் குரலில், "ஆன்ட்டி, அம்மாட்ட சொல்ற மாதிரி ஒன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.